பள்ளி உயிரியல், நலவாழ்வுப் பாடங்களில் ஊடாட்டக் கற்பித்தல்: தாராசுரம் வட்டார நீர்நிலைகளும் யானைக்கால் நோய்ப் பாடமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலும் படைப்பாற்றல் கல்வியும் கால் நூற்றாண்டை நெருங்கும் வரலாறு உடையவை. எனினும் உயிரியல், நலவாழ்வுப் பாடங்களில் மாணவரின் செயல் பெரும்பாலும் பாடநூற் பகுதியைச் சுற்றியே நிகழ்கிறது. மாணவர் கண்டறிந்தது விடையை மாற்றக்கூடிய இடத்தில்தான் ஊடாட்டம் பொருள் பெறும் என்பதை, கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் வட்டாரத்தின் நீர்நிலைகள், கொசுவினங்கள், யானைக்கால் நோய் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பாடவேளை, பருவகாலம், மாணவரின் தன்மானம், தேர்வு ஆகியவை இம்முறைக்கு விதிக்கும் வரம்புகளும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊடாட்டக் கற்பித்தல், படைப்பாற்றல் கல்வி, யானைக்கால் நோய், கொசுப்புழு, நலவாழ்வுக் கல்வி, தாராசுரம்

முன்னுரை

கொசு பற்றிய பாடம் நடத்தாத பள்ளி தமிழகத்தில் இல்லை. தேங்கிய நீரை அகற்றுக, கொசுவலையைப் பயன்படுத்துக, சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருக்க என்னும் மூன்று தொடர்களையும் தொடக்கப்பள்ளி மாணவர்கூடத் தடையின்றிச் சொல்வர். ஆயினும் தேங்கிய நீர் அனைத்திலும் ஒரே கொசுதான் வளர்கிறதா, வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்க்கச் சொல்வது ஏன், மாதம் ஒருமுறை கவிழ்த்தால் போதாதா என்று வினவினால் மேல்நிலை வகுப்பிலும் அமைதி நிலவக்கூடும். அறிவுரையாகக் கற்ற செய்திக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. காரணம் அறியாத அறிவுரை, சூழல் சற்று மாறியவுடன் பயனற்றுப்போகிறது. நலவாழ்வுப் பாடத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

காவிரிப் படுகையில் இச்சிக்கல் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. தஞ்சாவூர் மாவட்டம் யானைக்கால் நோய் நிலைபெற்றிருந்த மாவட்டங்களுள் ஒன்று. கும்பகோணத்தின் பெயரோடு இந்நோயின் பெயரும் நெடுங்காலம் சேர்த்துப் பேசப்பட்டது. அந்நகரை ஒட்டி, அரசலாற்றுப் பாசனப் பகுதியில் அமைந்த தாராசுரத்தில் வயலும் வாய்க்காலும் சாக்கடையும் பட்டுத்தறி வீடுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. உயிரியல் ஆசிரியருக்கு இதைவிடச் செறிவான ஆய்வுக்கூடம் வாய்ப்பது அரிது.

சொல்லும் பொருளும்

இத்துறையில் தமிழ்க் கலைச்சொற்கள் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. செயல்வழிக் கற்றல், பங்கேற்புக் கற்றல், இடைவினைக் கற்பித்தல், ஊடாட்டக் கற்பித்தல் ஆகிய நான்கும் கட்டுரைகளில் ஒன்றற்கொன்று மாற்றாக ஆளப்படுகின்றன. இம்மயக்கம் சொல்லளவில் நிற்பதில்லை. மாணவர் கையை அசைத்தாலே ஊடாட்டம் நிகழ்ந்துவிட்டதாகக் கணக்கிடும் பழக்கம் இதிலிருந்தே பிறக்கிறது.

மிசெலின் சி, ரூத் வைலி ஆகியோர் 2014இல் விரிவாக வெளியிட்ட வகைப்பாடு இங்குத் துணைசெய்கிறது. அவர்கள் கற்போரின் ஈடுபாட்டை நான்கு படிகளாகப் பிரித்தனர். கேட்டிருத்தல் முதற்படி. அடிக்கோடிடுதல், படியெடுத்தல், பொருளைக் கையாளுதல் முதலியன இரண்டாம் படி. தரப்பட்டதற்கு அப்பால் ஒரு விளக்கத்தையோ வினாவையோ கற்பவரே ஆக்குதல் மூன்றாம் படி. இருவர் அவ்வாறு ஆக்கியவற்றை ஒருவர்மேல் ஒருவர் கட்டி எழுப்புதல் நான்காம் படி. இந்நான்காம் படிக்கே அவர்கள் ஊடாட்டம் என்னும் பெயரைத் தந்தனர். இதன்படி, ஐவர் கூடி ஒரு பத்தியை வரிசையாகப் படிப்பது குழுச்செயலாகலாம், ஊடாட்டமாகாது. ஊடாடுதல் என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் கலந்து பழகுதல் என்னும் பொருளும் உண்டு. அப்பொருள் இவ்விடத்தில் நன்கு பொருந்துகிறது.

இத்தகைய முறைகளின் பயன் குறித்த சான்றுகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது, ஸ்காட் ஃப்ரீமனும் பிறரும் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 225 ஆய்வுகளை ஒருங்கே கணக்கிட்ட அது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி வீதம் சுமார் 34 விழுக்காடாகவும், கற்போர் செயலில் ஈடுபட்ட வகுப்புகளில் சுமார் 22 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. எனினும் அவை அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளின் இளநிலைக் கல்லூரி வகுப்புகள். ஐம்பது பேர் அமர்ந்த எட்டாம் வகுப்புக்கு அவ்வெண்களை அப்படியே எடுத்துவருவது முறையன்று. தமிழ் ஆய்வுக் கட்டுரைகள் சில இவ்வேறுபாட்டைக் குறிப்பிடாமலே கடந்துவிடுகின்றன.

தமிழகத்தின் பட்டறிவு

ரிஷிவேலி ஊரகக் கல்வி மையத்தின் பல்நிலைக் கற்றல் முறையைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கப்பட்டு, 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. கற்றல் ஏணி, அட்டை, குழு என அமைந்த அம்முறை தொடக்க வகுப்புகளுக்கு உரியது. உயர்தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. அறிமுகம், படித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல், வழங்குதல், எழுதுதல் எனப் படிப்படியாகச் செல்லும் அதன் ஒழுங்கு ஆசிரியர் பலருக்கும் மனப்பாடம். 2018-19 முதல் வெளிவந்த பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடும் இணையச் செயல்பாடும் இடம்பெற்றன. 2022 நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் செய்முறைக் கருவிகளோடு கருத்தாளர்களை அனுப்புகிறது. அரசுக்கு வெளியே, 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் துளிர் இதழும் அறிவியலை வகுப்பறைச் சுவருக்கு வெளியே கொண்டுசெல்வதில் ஆற்றிய பங்கு தனி ஆய்வுக்குரியது.

இவற்றுள் உயிரியல் பாடத்துக்கு மிக நெருக்கமானது படைப்பாற்றல் கல்வியே. அதன் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. மாணவர் தாமே படித்து, தாமே வரைபடமாக்கி, தாமே வழங்குகின்றனர். ஆசிரியரின் குரல் தணிகிறது. இது சிறிய மாற்றமன்று. ஆனால் மனவரைபடத்தின் மையமும் கிளைகளும் பாடநூற் பத்தியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஐந்து குழுக்கள் வரைந்தாலும் ஐந்தும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒத்திருப்பதே சரி என்றும் கொள்ளப்படும். மொழிப்பாடத்தில் இதனால் பெரிய இழப்பில்லை. உயிரியலில் இழப்பு உண்டு. உயிரினத்தைக் காணாமல் உயிரினம் பற்றிய பத்தியைக் காண்பதே செயலாகிவிடுகிறது.

நீர் எடுக்கும் வகுப்பு

தாராசுரத்தில் நிற்கும் நீர் ஒரே தன்மையுடையதன்று. நெல்வயலில் தெளிந்த நீர் உண்டு. தெருச்சாக்கடையில் கழிவு கலந்த நீர் உண்டு. வீட்டு முற்றத்துச் சிமென்ட் தொட்டியிலும் கவிழ்க்காத கொட்டாங்கச்சியிலும் மழைநீர் உண்டு. ஐராவதேசுவரர் கோயிலின் முன்புறம் தரைமட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் மழைக்காலத்தில் அங்கு நீர் தேங்குவதை ஊரார் அனைவரும் அறிவர்.

கொசுவினங்கள் இந்நீர்நிலைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. யானைக்கால் நோயைக் கடத்தும் கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ் கழிவுநீரை நாடுகிறது. டெங்குவைக் கடத்தும் ஏடிஸ் ஈஜிப்டி வீட்டைச் சுற்றியுள்ள கலங்களின் நன்னீரை விரும்புகிறது. நகர்ப்புற மலேரியாவுக்குக் காரணமான அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. ஜப்பானிய மூளையழற்சியைக் கடத்தும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கசுக்கு நெல்வயலே வீடு. ஆகவே, தேங்கிய நீரில் கொசு வளரும் என்னும் தொடர் பிழையன்று. ஆயினும் எந்த நோய்க்கு எந்த நீர் என்பதை அது மறைத்துவிடுகிறது.

ஓர் எட்டாம் வகுப்பு இதைக் கண்டறிய நுண்ணோக்கிகூடத் தேவையில்லை. நீண்ட கைப்பிடியுள்ள அகப்பை, வெண்ணிறத் தட்டு, கைலென்சு, மூடியில் மெல்லிய துணி கட்டிய கண்ணாடிக் குப்பி ஆகியவை போதும். முதலில், எவ்வகை நீரில் புழுக்கள் மிகுதியாக இருக்கும் என்பதை ஒவ்வொரு குழுவும் எழுதித் தருகிறது. பின்னரே நீர் எடுக்கப்படுகிறது. இவ்வரிசை மாறக்கூடாது. முன்கணிப்பை எழுதியவர் மட்டுமே கண்டதைக் கண்டு வியக்க முடியும்.

தட்டில் விழுந்த புழு நீர்ப்பரப்பில் எவ்வாறு நிற்கிறது என்பதே முதல் அடையாளம். அனாஃபிலஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். கியூலெக்ஸ் புழு நீண்ட மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். ஏடிசும் தொங்கும், ஆனால் குழல் குட்டையானது. முட்டையிலும் வேறுபாடு உண்டு. கியூலெக்ஸ் தன் முட்டைகளை ஒன்றாகச் சேர்த்துச் சிறு தெப்பம்போல் மிதக்கவிடுகிறது. ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் தனித்தனியே ஒட்டிவைக்கிறது. அம்முட்டைகள் நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் ஏறும்போது பொரிகின்றன.

இவ்விடத்தில்தான் ஊடாட்டம் தொடங்க வேண்டும். தொட்டி நீரைக் கொட்டிவிட்டால் போதுமா என்று ஆசிரியர் வினவுகிறார். கியூலெக்ஸ் தெப்பத்தைக் கண்ட குழு போதும் எனலாம்; ஏடிஸ் முட்டையைக் கண்ட குழு மறுக்கலாம். இரண்டும் தம்தம் சான்றளவில் சரியே. தொட்டியின் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்னும் நலவாழ்வுத் துறையின் அறிவுரை அப்போது மாணவரின் வாயிலிருந்தே முடிவாக வெளிப்படுகிறது. அவ்வாறே, முட்டையிலிருந்து கொசுவாக வெளிவர இவ்வட்டார வெப்பநிலையில் ஏழு முதல் பத்து நாள்கள் ஆகின்றன என்பதைக் குப்பியில் நாள்தோறும் கண்டு குறித்தவர், வாரம் ஒருமுறை என்னும் கால அளவைத் தாமே வருவிப்பர். கூட்டுப்புழு தோன்றியவுடன் குப்பி நீரை உலர்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும் என்பது தவிர்க்க முடியாத விதி. நோய் பற்றிக் கற்பிக்கும் வகுப்பு கொசுவை வளர்த்து விட்டது என்னும் பழி பள்ளிக்கு வேண்டா. சாக்கடை நீரைத் தொடுவோர் கையுறை அணிவதும், வாய்க்கால் ஓரத்துக்கு ஆசிரியர் உடன்செல்வதும் இவ்விதியோடு சேர்ந்தவை. கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள உலக மரபுச் சின்னமாதலால், அதன் வளாகத்து நீரை இசைவின்றி எடுத்தல் கூடாது. வெளியிலிருந்து நோக்குவதே தகும்.

வயல் பற்றிய விவாதத்தில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியரைவிட ஒருபடி முன்னே நிற்பர். வயலில் எப்போதும் நீர் கட்டி நிறுத்தாமல், மண் காய்ந்த பின் மறுபடி பாய்ச்சும் முறையைக் காவிரிப் படுகையில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பர். செம்மை நெல் சாகுபடியில் நீர்ச் சிக்கனத்துக்காகப் பரிந்துரைக்கப்படும் இம்முறை, கொசுப்புழு முதிர்வதற்குள் அதன் நீரையும் அகற்றிவிடுகிறது. நெற்பயிருக்காகச் சொல்லப்பட்ட தொடர் உயிரியல் வகுப்பில் வாழ்க்கைச் சுழற்சியின் விளக்கமாக மாறுவது பாடநூல் தர இயலாத இணைப்பு. தறிவீட்டுப் பிள்ளைகளுக்கும் இத்தகைய இடம் உண்டு. தாராசுரத்தின் பட்டு நெசவாளருள் சௌராட்டிரர் பலர். அவர்தம் பிள்ளைகள் வீட்டில் சௌராட்டிர மொழி பேசுவர். குழுவுக்குள் அம்மொழியில் வாதிட்டுப் பின் தமிழில் வழங்கும் உரிமையை ஆசிரியர் தரவேண்டும். கலைச்சொல் தெரியாததால் வாய்மூடும் மாணவர், கருத்து இல்லாதவர் எனக் கணக்கிடப்படும் பிழை இதனால் குறையும்.

கலைச்சொல்லிலேயே ஒரு வாய்ப்பும் உள்ளது. ஒட்டுண்ணி தங்கும் உயிரைத் தமிழ் நூல்கள் விருந்தோம்பி எனவும் ஓம்புயிர் எனவும் குறிக்கின்றன. அழையாமல் வந்து குருதியில் தங்கும் புழுவை விருந்து எனலாமா என்னும் வினாவே வகுப்பைப் பேசவைக்கும்.

யாரிடமிருந்து பரவுகிறது?

யானைக்கால் நோய் பாடநூல்களில் இடம்பெறுகிறது. வுச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் பெயரும் வீங்கிய காலின் படமும் மாணவர் நினைவில் தங்கிவிடுகின்றன. அப்படமே ஒரு தவறான கருத்துக்கும் வித்தாகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991 முதல் வளர்த்தெடுத்த இணையர் விவாத முறை இங்குப் பொருந்தும். வினாவுக்கு ஒவ்வொருவரும் முதலில் தனியே விடை தருவர்; பின் அருகிலிருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடை தருவர். மின்கருவி தேவையில்லை, நான்கு நிற அட்டைகள் போதும். வினா இது: ஒரு தெருவில் கால் வீங்கிய முதியவர் ஒருவரும், எந்த அறிகுறியும் இல்லாத இளைஞர் ஒருவரும் உள்ளனர். இளைஞரின் குருதியில் நுண்புழுக்கள் உள்ளன. முதியவரின் குருதியில் இல்லை. கொசு யாரிடமிருந்து நோயைப் பிறருக்குக் கொண்டுசெல்லும்? இரண்டாம் தொடரை மறைத்துவிட்டு வினவினால் பெரும்பாலோர் முதியவரையே சுட்டுவர் என எதிர்பார்க்கலாம். அனைவரும் ஒரே விடையைத் தந்துவிட்டால் விவாதத்துக்கு இடமில்லை. எனவே தொடரை மறைத்து ஒருமுறையும் வெளிப்படுத்தி ஒருமுறையும் வினவி, விடை மாறியதற்கான காரணத்தை இணையர்களைக் கொண்டே சொல்லவைப்பது நன்று.

காரணம் நுட்பமானது. முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து நுண்புழுக்களை ஈனுகின்றன. வீக்கம் என்பது நாளங்கள் சிதைந்ததன் நெடுநாள் விளைவு. வீக்கம் முற்றிய நிலையில் புழுக்கள் பெரும்பாலும் மடிந்திருக்கும். குருதியில் நுண்புழு காணப்படுவதும் அரிது. அதாவது அஞ்சி ஒதுக்கப்படுபவர் பெரும்பாலும் நோயைப் பரப்பாதவர்; பரப்புபவரோ தாம் நோயுற்றதை அறியாதவர். இந்த ஒரு செய்தி, தெருவில் ஒருவரைப் பார்க்கும் பார்வையையே மாற்றவல்லது. திருமணப் பேச்சு, திண்ணைப் பேச்சு ஆகியவற்றில் இந்நோயாளர் படும் இழிவு உயிரியலின் பிழையான புரிதலின்மேல் நிற்கிறது என்பதை நலவாழ்வுப் பாடம் சொல்லாவிட்டால் வேறு எந்தப் பாடம் சொல்லும்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உங்கள் வீட்டில் யாருக்கேனும் உண்டா என்று வினவுவது ஊடாட்டமாகாது. பாட்டியின் காலை நினைத்துத் தலைகுனியும் ஒரு மாணவியாவது அவ்வகுப்பில் இருக்கக்கூடும். கற்பனைத் தெருவும் பெயரற்ற முதியவரும் அவளைக் காக்கின்றனர். அவள் விரும்பினால் பேசும் வாய்ப்பையும் திறந்துவைக்கின்றனர்.

அறிவியல் வரலாறும் இவ்வகுப்புக்கு உதவும். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மான்சன், நோயுற்ற தம் தோட்டக்காரரைக் கடித்த கொசுக்களை ஆராய்ந்து, நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். நோய்க்கடத்தி என்னும் கருத்துக்கே அது முன்னோடி. ஆனால் கொசு நீரில் விழுந்து இறக்க, அந்நீரைப் பருகுவோர்க்கு நோய் வருகிறது என்று அவர் கருதினார். கொசு கடிக்கும்போதே புழு உடலுக்குள் செல்ல வழியுண்டு என்பதை 1900இல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ, கொசுவின் உறிஞ்சுகுழலில் புழுக்களைக் கண்டு காட்டினார். சரியான கண்டுபிடிப்பும் தவறான முடிவும் ஒருவரிடமே இருந்தன. மான்சனின் சான்றை மட்டும் தந்து முடிவை மாணவரையே ஊகிக்கச் செய்தால், அவர்களுள் சிலர் மான்சனின் பிழையையே செய்வர். அப்பிழையைத் திருத்த எவ்வகைச் சான்று வேண்டும் என்பதே அடுத்த பாடவேளையின் வினா.

இரவில் குருதி எடுப்பது ஏன் என்பதும் இவ்வகையானதே. நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் குருதிக்குழாய்களில் தங்கி, இரவில் புறக்குருதிக்கு வருகின்றன. கியூலெக்சும் இரவில்தான் கடிக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனியே தந்து தொடர்பைக் காண விடுவது ஆசிரியரின் வேலை.

மாத்திரையும் மாணவரும்

தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. பின்னர், நோய் நிலவும் மாவட்டங்களில் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டைஎத்தில்கார்பமசின் மாத்திரை வழங்கும் உத்தி வந்தது. அதன் முன்னோட்டம் 1996இல் கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நடைபெற்றது; 2004 முதல் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. இத்திட்டத்தின் தீராத சிக்கல், மாத்திரை பெற்றோர் எண்ணிக்கைக்கும் விழுங்கியோர் எண்ணிக்கைக்கும் இடையிலான வேறுபாடு. நலமாக இருக்கும் எனக்கு மாத்திரை எதற்கு என்னும் வினாவும், விழுங்கினால் காய்ச்சல் வருகிறது என்னும் அச்சமும் அதற்குக் காரணங்கள்.

இரண்டுக்கும் விடை உயிரியல் வகுப்பில் உள்ளது. அறிகுறி இல்லாதவரே பரப்புபவர் என்பது முதல் விடை. குருதியிலுள்ள நுண்புழுக்கள் மருந்தால் மடியும்போது உடல் எதிர்வினை புரிவதால் காய்ச்சலும் தலைவலியும் தோன்றலாம் என்பது இரண்டாம் விடை. தொந்தரவு தோன்றியவருக்கு மாத்திரை தேவைப்பட்டிருந்தது என்பதற்கே பெரும்பாலும் அது குறி. அறிவுரையாக விழுங்குக என்று சொல்வதற்கும், இவ்விளக்கத்தை மாணவர் வீட்டுக்குக் கொண்டுசெல்வதற்கும் உள்ள தொலைவு பெரிது.

பரவல் நின்றுவிட்டதா என்பதை அறியும் மதிப்பீட்டாய்வில் உலகச் சுகாதார நிறுவனம் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளையே சோதிக்கப் பரிந்துரைக்கிறது. மாத்திரைத் திட்டம் தொடங்கிய பின் பிறந்தவரிடம் தொற்று இருந்தால் பரவல் தொடர்கிறது என்பது அதன் தருக்கம். ஆக, பள்ளிக்குழந்தையின் ஒரு துளிக் குருதி ஒரு மாவட்டத்தின் நிலையைத் தீர்மானிக்கும் சான்றாகிறது. சான்று தருபவர்க்கு அதன் பொருளைக் கற்பிக்காத பாடத்திட்டத்தை என்னென்பது?

இவ்விணைப்பு நடைமுறையில் இயலும் என்பதற்குக் கேரளத்தின் சேர்த்தலை எடுத்துக்காட்டு. அங்கு யானைக்கால் நோயைக் கடத்துவது மான்சோனியா இனக்கொசு. அதன் புழு ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து மூச்சுவிடுகிறது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980களில் அங்கு மேற்கொண்ட பணியில் நீர்ச்செடிகளை அகற்றும் மக்கள் இயக்கம் உருவாயிற்று; பள்ளி மாணவரும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். ஆனால் அச்செடியைத் தென்னைக்கு உரமாகப் பயன்படுத்திய மக்களை அறிவுரை மட்டும் மாற்றிவிடவில்லை. குளத்தில் மீன் வளர்த்தால் வருவாய் உண்டு என்னும் மாற்றுவழியும் வேண்டியிருந்தது. நலவாழ்வுக் கல்வியின் எல்லையைக் காட்டும் நேர்மையான படிப்பினை இது. மாணவரிடம் இதையும் விவாதத்துக்கு வைக்கலாம்.

கூச்சமும் காலமும்

கொசுவைப் பற்றிப் பேசுவது எளிது. பத்தாம் வகுப்பின் இனப்பெருக்கப் பாடத்தில் விலங்குகள் பகுதி வரும்போது, வீட்டில் படித்துக்கொள்க என்னும் ஒற்றைத் தொடரோடு பல வகுப்புகள் நகர்ந்துவிடுகின்றன. மாதவிடாய் குறித்த ஐயம் இதனால் தோழியரிடமோ கைப்பேசியிடமோ செல்கிறது. 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலவாழ்வுத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரு ஆசிரியர்களை, இயன்றவரை ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக, நலவாழ்வுத் தூதுவராகப் பயிற்றுவிக்கவும் பதினொரு கருப்பொருள்களை நடத்தவும் வகைசெய்கிறது. கட்டமைப்பு உண்டு, வகுப்பில் வாய் திறப்பதற்கான உத்திதான் தேவை. பெயரெழுதாத வினாப்பெட்டி அவ்வுத்திகளுள் எளியது. அனைவரும் ஏதேனும் ஒன்றை எழுதியே ஆகவேண்டும், வினா இல்லாதவர் வினா இல்லை என்றாவது எழுத வேண்டும் என்னும் விதி இன்றியமையாதது. இல்லையேல் எழுதும் கையே எழுதுபவரைக் காட்டிக்கொடுக்கும்.

காலம் மற்றொரு தடை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளி திறப்பதும் அம்மாதத்தையொட்டியே. குறுவை, சம்பா, வடகிழக்குப் பருவமழை என நீர் மாறும் ஒழுங்குக்கும் பாடநூலின் அலகு ஒழுங்குக்கும் எவ்வுறவும் இல்லை. நோய்க்கடத்தி பற்றிய அலகு கோடையின் விளிம்பில் வந்தால் எடுக்க நீரே இராது. அலகுகளை இடம்மாற்றும் உரிமை ஆசிரியருக்கு இருப்பின் அக்டோபர், நவம்பர் மாதங்களே தாராசுரத்துக்கு ஏற்றவை. அவ்வாறு மாற்றிய ஆசிரியர், பருவத் தேர்வுக்கான வினாத்தாள் மாவட்ட அளவில் ஒரே வரிசைப்படி வருவதை எண்ணித் தயங்குவார். அத்தயக்கத்துக்கு அவரைக் குறைகூற இயலாது.

தேர்வுத்தாளின் பிடி

2012-13இல் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்ணைப் பிரித்தது. செயல்பாட்டுக்கு மதிப்பெண் கிடைத்தது நன்மை. ஆயினும் செயல்பாடு என்பது அட்டையில் ஒட்டிய படமாகவும் கடையில் வாங்கிய விளக்கப்படமாகவும் சுருங்கியதை ஆசிரியர் பலரும் அறிவர். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அச்செய்முறையிலும் உயிரியல் பெரும்பாலும் மாதிரியைக் கண்டு பெயரெழுதுவதாகவே அமைகிறது.

மாற்றத்துக்குப் பெரிய சீர்திருத்தம் வேண்டுமென்பதில்லை. வினா மாறினால் போதும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு எது என்பது ஒரு மதிப்பெண் வினா. அதனிடத்தில் இவ்வாறு கேட்கலாம்: ஒரு தெருவில் அனைவரும் ஐந்து ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டனர். சாக்கடை மூடப்படவில்லை, கொசு குறையவில்லை. ஆயினும் புதிய தொற்று ஏற்படவில்லை. கொசு இருந்தும் நோய் பரவாதது ஏன்? அவ்வூருக்கு நுண்புழு உடைய ஒருவர் குடிவந்தால் என்ன நிகழக்கூடும்? இவ்வினாவுக்கு நுண்புழு கொசுவுக்குள் சென்று பத்து முதல் பன்னிரண்டு நாள்கள் வளர்ந்த பின்னரே தொற்றும் ஆற்றல் பெறுகிறது என்பதும், கொசு புழுவைத் தானே ஆக்குவதில்லை என்பதும், சாக்கடை மூடாத தெருவில் மாத்திரையை நிறுத்துவதன் இடர் என்ன என்பதும் தேவைப்படும். திருத்துவோர்க்கு விடைக்குறிப்பு எழுதுவது கடினம். ஒரே சொல்லில் விடை இராது. மாணவரின் காரணத்துக்கு மதிப்பெண் பிரித்துத் தரும் விடைக்குறிப்பை உருவாக்க மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் வட்டார வளமையங்களும் உள்ளன. பத்து வினாக்களும் அவற்றுக்கான விடைக்குறிப்பும் அங்கு உருவானால், அடுத்த மழைக்காலத்தில் அகப்பையோடு சாக்கடை ஓரம் செல்லும் ஆசிரியர், தேர்வுக்கு உதவாத வேலை செய்கிறார் என்னும் பேச்சைக் கேட்க வேண்டியிராது.